தண்ணீர் இல்லாத குளத்தின் உயிர்காப்பாளர்

"அண்ணா, நிதி வந்துருச்சுங்க! நம்ம நீச்சல் குளத்தைப் புதுப்பிக்க நாப்பது லட்சம்!"

நகராட்சிப் பொறியாளர் சித்ரகலா போனில் துள்ளினாள். இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தவர் ரத்தினசாமி.

"ரொம்பச் சந்தோசமுங்க மேடம்" என்று சொல்லிப் போனை வைத்தவர், குளத்தின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

குளம் என்றதும் தண்ணீர் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பதினோரு வருடத்துக்கு முன் ரத்தினசாமி உயிர்காப்பாளராகச் சேர்ந்த மூன்றாம் நாள் மோட்டார் கெட்டது. அதோடு சரி. பக்கத்துப் பனியன் கம்பெனிக்காரர்கள் உள்ளே கொடி கட்டித் துணி காயப்போட்டார்கள். பதிலுக்கு 'லைஃப் கார்டு' என்று அச்சடித்த சிவப்பு டீ-சர்ட் ஒன்றை அவருக்குக் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு, கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு, அந்தப் பள்ளத்தை அவர் காவல் காத்தார். ஒரு உயிர்கூடப் போகவில்லை. மனிதர் வேலையில் அத்தனை சுத்தம்.

ஒரே ஒரு குறை. அவருக்கு நீச்சல் தெரியாது.

வேலைக்கு எடுக்கும்போது "நீச்சல் தெரியுமா?" என்று கேட்டார்கள். "தெரியுமுங்க" என்றார். யார் நீந்தச் சொல்லிப் பார்த்தார்கள்? தண்ணீரைக் கண்டாலே மனிதருக்குக் கைகால் உதறும். மூன்று வருடத்துக்கு முன் பெருமழையில் குளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அதில் அவருடைய செருப்பு ஒன்று விழுந்துவிட்டது. இறங்கி எடுப்பதற்கு மனசு வராமல், நாலு தெரு சுற்றி, கொக்கி வைத்த துரட்டிக் கம்பு ஒன்றை இரவல் வாங்கிவந்து எடுத்தார். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

இப்போது நிதியோடு ஓர் உத்தரவும் வந்திருந்தது. திறப்பு விழா அன்று உயிர்காப்பாளர் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் குளத்தைக் கடந்து காட்டவேண்டும். இல்லாவிட்டால் வேலை இல்லை. மகள் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். ஐம்பத்திரண்டு வயதில் வேறு எவன் வேலை கொடுப்பான்?

குளம் திறக்காமல் போனால் பிழைத்தோம் என்று ரத்தினசாமி ஒரு மனு எழுதினார். 'குளத்துக்குள் நல்லபாம்பு நடமாடுகிறது. வேலை தொடங்குவது ஆபத்து.'

ஒரே வாரத்தில் சித்ரகலா கூப்பிட்டாள். "அருமைங்கண்ணா! உங்க மனுவைக் காட்டிச் சுத்துச்சுவருக்கும் லைட்டுக்கும் சேர்த்து வாங்கிட்டேன். அம்பது லட்சமுங்க!"

அடுத்த மனு: 'அடியில் விரிசல். எவ்வளவு தண்ணீர் விட்டாலும் நிற்காது.'

"அடிமுழுக்க டைல்ஸ் போடச் சொல்லிட்டாங்கண்ணா. எழுவது லட்சம்!"

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. ரத்தினசாமி அதற்கும் அடங்கவில்லை. மூன்றாவது மனுவையும் எழுதினார். 'ஆழம் மிக அதிகம். ஷிப்டுக்குப் போகிறவர்களின் குழந்தைகள் தவறி விழுந்தால் யார் பொறுப்பு? ஆகவே குளமே வேண்டாம்.'

இந்தத் தடவை போனில் சித்ரகலா உருகினாள். "உங்க மனசு யாருக்குங்கண்ணா வரும்? ஆணையர் மீட்டிங்ல படிச்சுக் காட்டுனாருங்க. பேப்பர்காரங்களை எல்லாம் கூப்பிட்டாச்சு. அவங்க முன்னால மொதல்ல தண்ணியில எறங்கப் போறது நீங்கதான்!"

வேலை தொடங்கியது. குளத்தைச் சுற்றித் தகரம் அடித்து மறைத்தார்கள். ரத்தினசாமியை நூலக வாசலுக்குக் காவல் மாற்றினார்கள். இனி எழுத மனுவும் இல்லை. அன்று சாயங்காலம் மனைவி சாரதாமணியிடம் உண்மையைக் கொட்டினார்.

அவள் தோசைக் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, அப்ப இத்தன வருசமா எங்க ஊட்டுக்காரரு உசுரு காக்கறவருன்னு தெருவெல்லாம் நான் சொன்னது?"

"ஆரும் சாகலையே சாரதா."

சாரதாமணி சிரித்தாள். சிரிப்பு அடங்காமல் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "சாமளாபுரத்துல எங்கண்ணன் கெணத்துல, ஏழு வயசுல மேட்டுல இருந்து குதிச்சவ நானு. வாங்க, நான் பழக்கறேன்."

"உனக்கு நீச்சல் தெரியுமா? சொன்னதே இல்லையே!"

"நீச்சல்காரருகிட்ட நாம என்னத்தப் பீத்திக்கறதுன்னு உட்டுட்டனுங்க."

மறுநாள் காலையிலிருந்து அண்ணன் கிணற்றில் பாடம். இடுப்பில் கயிறு, முதுகில் காலி கேன். கேன் சாயப்பட்டறையிலிருந்து வந்தது. மூடி சரியில்லை. உள்ளே ஒட்டியிருந்த சாயம் கசிந்து, இரண்டாம் நாளே ரத்தினசாமியின் முதுகு ரோஸ் நிறமானது. வியர்வையில் அது வெள்ளைச் சட்டையிலும் இறங்கியது.

"முதுகென்னங்கண்ணா ரோஸ் கலரு?" என்றாள் நூலகப் பக்கம் வந்த சித்ரகலா.

"வேர்க்குருவுக்கு மருந்துங்க மேடம்."



"காலை ஒதைங்க! ஏனுங்க, கவுத்தை உடுங்க, கையை வீசுங்க!" என்று சாரதாமணி கிணற்று மேட்டிலிருந்து தினமும் கத்தினாள். ரத்தினசாமி பாதிக் கிணற்றைக் குடித்தார். நாற்பத்தோராம் நாள், கேன் இல்லாமல், கயிறு இல்லாமல், இந்தப் படியிலிருந்து அந்தப் படிக்கு நீந்திப் போய்ச் சேர்ந்தார். மேலே சாரதாமணி விசும்பும் சத்தம் கேட்டது. கல்யாணத்தன்றுகூட அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

திறப்பு விழா. பந்தல், மைக், ஆணையர், கேமராக்கள். புது நீல டைல்ஸில் தண்ணீர் தகதகவென்று கிடந்தது. ஆழம் எழுதுகிற பலகை மட்டும் இன்னும் வந்துசேரவில்லை. முன் வரிசையில் பட்டுச்சேலையில் சாரதாமணி. ரத்தினசாமி சிவப்பு டீ-சர்ட்டோடு கரையில் நின்றார். இந்த முறை கைகால் உதறவில்லை.

"அண்ணா, சித்தெ இருங்க, மெதுவா..." என்று சித்ரகலா ஓடிவந்தாள். அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

"முருகா!" என்று கத்திக்கொண்டு ரத்தினசாமி எட்டிக் குதித்தார். காலை மடக்கி, கிணற்றில் குதிப்பதுபோலவே.

தொம்மென்று ஒரு சத்தம். உட்கார்ந்த வாக்கில் தரை தட்டியது. அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். தண்ணீர் தொடை வரைக்கும்தான் இருந்தது.

சாரதாமணி வாயைப் பொத்திக்கொண்டாள். சித்ரகலா கரையோரம் குந்தி, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"ஏனுங்கண்ணா குதிச்சீங்க? அன்னைக்கு மழையில செருப்பெடுக்க நீங்க தொரட்டி தேடுனதைப் பார்த்துப்போட்டுத்தானுங்க, நடந்தே அக்கரைக்குப் போகட்டும்னு உங்க மூணாவது மனுவைக் காட்டி ஆழத்தை ரெண்டரை அடியா எழுதி வாங்குனேன்!"