வழிமொழி அண்ணாத்த

செங்கல்பட்டிலிருந்து கல்பாக்கம் வரை எத்தனை தொழிற்சங்கங்கள் வேண்டுமானாலும் இருக்கட்டும். முன்மொழிவதற்கு முன்பே வழிமொழிகிற மனிதர் எங்கள் சங்கத்தில் மட்டும்தான் உண்டு.

எங்களுடையது கார் கண்ணாடி செய்யும் தொழிற்சாலை. சங்க விதிப்படி ஒருவர் தீர்மானத்தை முன்மொழிந்தால் இன்னொருவர் எழுந்து வழிமொழிய வேண்டும். இல்லாவிட்டால் அது ஓட்டுக்கே வராது. அந்த இன்னொருவர் என்றைக்கும் பாலிஷ் பிரிவு அண்ணாத்ததான். ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார அவருக்கு உடம்பு இடங்கொடுக்காது. எழுந்திருக்க ஒரு சாக்கு வேண்டும். "தோழர்களே" என்று செயலாளர் வாயெடுத்தாலே "வழிமொழிகிறேன்" என்று எழுந்துவிடுவார்.

திருவிடந்தையில் அவருடைய மச்சினர் பெண்ணுக்கு நிச்சயம். லக்னப் பத்திரிகை வாசிக்க ஆரம்பித்ததுமே வழிமொழிந்துவிட்டார். அதுகூடப் பரவாயில்லை. பேச்சுவார்த்தையில் மேனேஜர், "கேன்டீன்ல இனிமே பூரி வேணாமே" என்றதற்கும் எழுந்து தொலைத்தார். பூரியை மீட்க எங்களுக்கு மூன்று மாதம் ஆயிற்று.

போன வருடம் கேட் மீட்டிங் நடத்தியதற்காக ஏழு பேரை வேலையை விட்டு நீக்கினார்கள். நானும் ஒருவன். வேலைநிறுத்தம் இருபது நாளைத் தாண்டியதும் நிர்வாகம் கொஞ்சம் இறங்கி வந்தது. ஆறு பேரைச் சேர்த்துக்கொள்கிறோம், அந்த மீட்டிங்குக்கு நோட்டீஸ் எழுதியவன் மட்டும் கூடாது என்றது. எழுதியவன் நான்.

பொதுக்குழு கூடியது. எல்லோரும் களைத்துப் போயிருந்தார்கள். செயலாளர் என் முகத்தைப் பார்க்காமலே, நிர்வாகம் சொன்னபடி ஒத்துக்கொள்ளலாம் என்று முன்மொழிந்தார். கூட்டம் மொத்தமும் அண்ணாத்த பக்கம் திரும்பியது.

அவர் எழுந்திருக்கவில்லை. இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கால் தடதடவென்று ஆட, உட்கார்ந்தே இருந்தார்.

"இன்னாண்ணாத்த, முட்டி வலியா?" என்றார் செயலாளர்.

"முட்டிலாம் நல்லாத்தான் கீது. இன்னிக்கி ஒக்காரணும் போல கீது."

"அப்ப வேற யாராவது எந்திரிங்கபா."

யாருக்கும் பழக்கமில்லை. அண்ணாத்தயே உட்கார்ந்திருக்கும்போது எழுந்திருக்க எல்லோருக்கும் கூச்சமாகவும் இருந்தது. தீர்மானம் விழுந்தது. மேலும் பன்னிரண்டு நாள் கேட்டில் வெயில் காய்ந்த பிறகு ஏழு பேரும் உள்ளே போனோம்.

ஷிப்ட் பஸ்ஸில் கேட்டேன். "எப்டிண்ணாத்த அவ்ளோ நேரம் ஒக்காந்துகினு இருந்தே?"

"பேஜாராப் பூட்ச்சிபா. இன்னும் ரெண்டு நிமிசம் ஆயிருந்தா எந்திரிச்சிருப்பேன்."

இப்போதெல்லாம் பொதுக்குழுவில் அவருக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. வேறு யாராவது அதில் உட்கார்ந்தால் எனக்குப் பொறுக்காது.