கலாநிதி ஜெயரூபன் தேடிய கட்டுரை

தன்னுடைய ஆய்வுக் கட்டுரையை வாசிக்கத் தனக்கே அனுமதியில்லை என்று கணினித்திரை மூன்றாவது தடவையாகச் சொன்னபோது, கலாநிதி ஜெயரூபனுக்கு நெற்றி வியர்த்தது. மணி பன்னிரண்டரை. மூன்று மணிக்குச் செட்டிபாளையத்தில் கூட்டம். சிறுகண் இறால் வலையை வாவியில் தடைசெய்வதா, விடுவதா என்று அங்கேதான் முடிவெடுக்கப் போகிறார்கள்.

கைப்பேசி அலறியது. மீனவர் சங்கத் தலைவர் இராசதுரை.

"சேர், கட்டுரை கையிலதானே?"

"ஓம் இராசதுரை, எடுத்துக்கொண்டிருக்கன்."

"எங்கட வலையால பழுதில்லையெண்டுதானே அதில கிடக்கு?"

"ஓம், ஓம். அப்பிடித்தான் இருக்கும்."

"நாப்பது குடும்பம், சேர். இந்த வலையும் இல்லாட்டி மறுகா எங்கட வீடுகள்ல அடுப்பெரியாது."

ஆய்வு நடந்த இரண்டு வருடமும் தோணி தந்தவர் இராசதுரை. மத்தியானத்தில் இறால் பொரித்துச் சோறு போட்டதும் அவர்தான். அந்த மனிதரைக் கைவிட்டால் கல்லடிப் பாலம் கடந்து மீனவர் பக்கம் தலைகாட்ட முடியாது.

ஆனால் கட்டுரையோ வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றின் இணையத்தளத்தில் பூட்டிக் கிடந்தது. உரிமையைச் சஞ்சிகைக்கு எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வைத்தவரும் இவர்தான். கட்டுரையை எழுதிய மாணவி பிரஷாந்தி இப்போது நோர்வேயில், தொலைபேசியை எடுக்கிறாளில்லை. கட்டுரையில் ஐந்து பெயர்கள். முதற்பெயர் ஜெயரூபனுடையது. பல்கலைக்கழகத்தில் துறைத்தலைவர் என்றால் அதுதான் வழக்கம்.

திரையின் அடியில் 'கட்டுரையாளரிடம் பிரதி கேட்க' என்றொரு பொத்தான் தெரிந்தது. அழுத்தினார். அடுத்த நிமிடமே மின்னஞ்சல் வந்தது. ஆவலோடு திறந்தார்.

'மதிப்பிற்குரிய கலாநிதி ஜெயரூபன், உங்கள் கட்டுரையை ஜெயரூபன் என்பவர் கேட்கிறார். கொடுக்கச் சம்மதமா?'

சம்மதம் என்று அழுத்தினார்.

'நன்றி. பிரதியை இங்கே இணைக்கவும்.'

"அது இருந்தா நான் ஏன்டா உன்னட்டக் கேக்கிறன்!" என்று திரையைப் பார்த்துக் கத்தினார். வந்த கோபத்தில் பொத்தானை இருபது தடவை குத்தினார். திரை சிவந்து, பிறகு வெறுமையானது.

ஐந்து நிமிடத்தில் நூலகத்தில் வேலை செய்யும் தக்ஷாயினி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"சேர், நம்மட கம்பசில இருந்து ஆரோ அந்தச் சஞ்சிகைட தளத்த உடைக்கப் பாத்திருக்காங்களாம். அவங்கட மற்றச் சஞ்சிகையளையும் சேத்து முழு வளாகத்துக்கும் பூட்டிட்டாங்க! நாளைக்கு ஆய்வேடு குடுக்கிற பிள்ளையள் நூலக வாசல்ல நிண்டு அழுகுதுகள்."

"ஆராயிருக்கும்?" என்றபடி ஜெயரூபன் கணினியை மெதுவாக மூடினார்.

மூன்று மணிக்கு வெறுங்கையோடு மண்டபத்துக்குள் நுழைந்தார். நாற்பது வீட்டுக்காரரும் வந்திருந்தார்கள். முன்மேசையில் மீன்பிடி அதிகாரி ஹப்ஸா, தடைப் பத்திரத்தில் கையெழுத்திடப் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"இந்தா, எங்கட சேர் வந்திட்டார்!" என்றார் இராசதுரை. "சொல்லுங்க சேர்."

கொண்டு வரவில்லை என்று சொல்ல ஜெயரூபனுக்கு மனம் வரவில்லை. மானம் போவதைவிடக் குரலை உயர்த்துவது மேல் என்று தோன்றியது.

"இந்த வாவிய ரெண்டு வருசம் ஆராய்ஞ்சவன் நான்! என்ட கட்டுரை வெளிநாட்டுக்காரன்ட பூட்டுக்குள்ள கிடக்கு. அதில உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் நான் பொறுப்பு. ஒருக்கா அத நீங்க வாசிச்சிருந்தா, இந்தத் தடைப் பேச்சே வந்திராது!"

மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. இராசதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெயரூபன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஹப்ஸா கோப்பிலிருந்து காகிதக் கட்டொன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"பூட்டு ஒண்டுமில்ல சேர், எல்லாரும் வாசிக்கட்டுமெண்டு பிரஷாந்தி அவட பிரதிய இணையத்தில சும்மா போட்டிருக்கா. அத வாசிச்சுத்தான் நாங்க இந்தத் தடையே கொண்டு வந்தம். கடைசிப் பக்கத்தில 'இந்த வலைய உடனே நிப்பாட்ட வேணும்' எண்டு நீங்கதானே எழுதியிரிக்கீங்க?"