சுபேதார் மீசையைச் சமன் செய்த கதை

இன்று செகந்திராபாத் அல்வாலில் படுக்கையில் கிடக்கும் பெரியவரைக் கவனிக்க ஆள் வேண்டுமென்றால் முதலில் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். என் கைக்குக் கீழே நாற்பது பெண்கள். எல்லாரும் என்னைவிடப் படித்தவர்கள். (பத்தாவது ஃபெயில் ஆனவளைவிடப் படிப்பது ஒன்றும் கஷ்டமில்லை.) இவ்வளவு பெருமை அடித்துக்கொள்கிற நான், பதினேழு வயதில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மனிதரின் மீசையைப் பறித்தவள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்போது ஒரு முதியோர் இல்லத்தில் ஆறு மாதம் வேலை பழகச் சேர்ந்திருந்தேன். ஒழுங்காகப் பழகினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் உப்பலில் அத்தையோடு உட்கார்ந்து ஊதுபத்தி உருட்ட வேண்டும் என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார்.

அங்கே பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆம்பூர்ப் பக்கத்துச் சுபேதார் ஒருவர் மனைவியோடு இருந்தார். அந்த அம்மாவுக்கு நினைவு தப்பிவிட்டது. தினமும் நாலு மணிக்கு இவர் டீ கொண்டுபோவார். “யாருங்க நீங்க? எங்க வூட்டுக்காரர் வர்ற நேரம், போயிடுங்க” என்பார் அந்த அம்மா. இவரும் டம்ளரை வைத்துவிட்டு வந்துவிடுவார்.

ஒருநாள் பொறுப்பாளர் சிஸ்டர், சுபேதாருக்குத் தாடியை மழிக்கச் சொன்னார். அவர் நாற்காலியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். தாடி முடிந்தது. அதோடு நிறுத்தினால் நான் நானா? மீசையின் இடப்பக்கம் சற்று நீளமாகத் தெரிந்தது. குறைத்தேன். இப்போது வலப்பக்கம் நீளம். அதையும் குறைத்தேன். (கணக்கில் ஏன் ஃபெயில் என்று புரிந்திருக்கும்.) கடைசியில் மூக்குக்குக் கீழே ஈ உட்கார்ந்ததுபோல் கொஞ்சம் மிஞ்சியது. பார்க்கச் சகிக்காமல் அதையும் எடுத்துவிட்டேன்.

விழித்தவர் வழக்கம்போல் மீசையை முறுக்கக் கை வைத்தார். விரல்கள் காற்றை முறுக்கின.

“முப்பத்தஞ்சு வருசத்து மீசைம்மா” என்றார். திட்டவில்லை. “இருக்கும்போதே அவளுக்கு அடையாளம் தெரியல. இனிமே எங்க.”

சிஸ்டர் ஓடிவந்தார். கோபம் வந்தால் அவருக்குத் தமிழ் ‘ஏன்’ போய் ஊர் உருது ‘கைக்கு’ வந்துவிடும்.

“தாடிதானே சொன்னேன், மீசை கைக்கு? அவரைக் கேட்டியா?”

“தூங்கிட்டிருந்தார் சிஸ்டர்.”

“சாயங்காலம் பெட்டியைக் கட்டு.”

நாலு மணிக்குச் சுபேதார் துண்டால் வாயை மூடிக்கொண்டு டீயோடு போனார். நானும் மூக்கை உறிஞ்சியபடி பின்னால் போனேன். டம்ளரை வைக்கக் குனிந்தபோது துண்டு நழுவியது. அந்த அம்மா வெகுநேரம் பார்த்தார். மழித்த இடத்தில் ஒரு விரலை வைத்துப் பார்த்தார்.

“வந்துட்டீங்களா” என்றார். “லீவு எத்தினி நாளு?”

கல்யாணமான புதிதில் அவருக்கு மீசையே கிடையாதாம்.

சுபேதார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். “இந்த வாட்டி நெறைய நாளு.”

மறுநாள் காலை அவரே என் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு முகத்தை நீட்டினார். சிஸ்டர் பெட்டியைப் பற்றிப் பேசவில்லை. “கேட்டுட்டுத் தொடு. தூங்கினா எழுப்பிக் கேளு” என்று மட்டும் சொன்னார். என் நாற்பது பெண்களுக்கும் முதல் நாள் பாடம் அதுதான்.

கதை மட்டும் செகந்திராபாத் முழுக்கப் பரவிவிட்டது. ஐந்து வருடம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தவர், நான் காபித் தட்டோடு நெருங்கியதும் மீசையைக் கையால் பொத்திக்கொண்டார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன். இன்றும் மத்தியானம் கண்ணயரும்போது ஒரு கை மீசைமேல்தான் இருக்கும்.