திரும்பிப் பார்க்கக் கூடாத மலை

சங்கிலி வீரசிங்கத்தின் கையில் இருந்தது. நாயைத்தான் காணோம்.

நாய் என்றால் சும்மா தொழிலாளர் லயத்து நாயா? தேயிலைத் தோட்ட மேனேஜரின் மனைவி துரைசாணியம்மா கொழும்பிலிருந்து காரில் கூட்டிவந்த பிரின்ஸ். செம்பட்டை நிறம், கன்றுக்குட்டி உயரம். மேனேஜர் பங்களாவின் சமையல்கார அப்புவான வீரசிங்கத்திடம் அந்த அம்மா காலையில்தான் சொல்லிவிட்டுப் பதுளைக்குப் போயிருந்தார்.

"அப்பு, சாயங்காலம் நான் வர்றப்ப பிரின்ஸ் வாசல்ல நிக்கணும். அவனுக்கு ஏதாச்சும் ஆச்சு, நாளைக்கே நீங்க புல்லு வெட்டப் போகலாம்."

மனுசன் நாயைப் பங்களாவிலேயே கட்டிப்போட்டிருக்கலாம். விதி யாரை விட்டது? அன்று முனிமலைக்குப் படையல் கொண்டுபோகும் நாள். நாயை நடத்தின மாதிரியும் ஆச்சு, நேர்த்திக்கடனை முடித்த மாதிரியும் ஆச்சு என்று ஒரே கல்லில் இரண்டு மாங்காய்க்குக் குறிவைத்தார். தேயிலை முடிந்து காடு தொடங்குமிடத்தில், படையல் கூடையைச் சுமக்கத் தோதாக இருக்கட்டுமென்று சங்கிலியைக் கழற்றினார். அவ்வளவுதான், ஒரே பாய்ச்சல். பனிமூட்டம் பிரின்ஸை விழுங்கிவிட்டது.

பக்கத்து நிரையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஜீவராணி நிமிர்ந்தாள். "என்னண்ணே, ஓடிருச்சா? கூப்புட வேண்டியதுதானே?"

"காட்டு வாசல்ல நின்னு பேரச் சொல்லிக் கூப்புடலாமா? முனி காதுல விழுந்தா பேரோட ஆளையும் எடுத்துக்குவாரு."

"ஆமாங்கண்ணே, மறந்துட்டேன். விசில் அடிங்களேன்."

"அது அதவிட மோசம்!"

"அப்ப என்னதான் செய்வீங்க?"

"கை தட்டுவேன்."

தட்டினார். மரத்திலிருந்த குரங்குக் கூட்டம் தனக்குத்தான் பாராட்டு என்று எண்ணிக் காட்டையே உலுக்கியது. அந்த அமளியில் நாய் ஓடும் சத்தமும் அமுங்கிப்போயிற்று. தேடி உள்ளே போனார். இரண்டு காலிலும் அட்டை ஏறியது. உட்கார்ந்து அட்டையைப் பிடுங்கி எழுந்தபோது வந்த தடமும் தெரியவில்லை.

வேறு வழியில்லாமல், முனிக்கு வைத்திருந்த கோழிக்கறியில் ஒரு தொடையை எடுத்து மூட்டத்துக்குள் எறிந்தார்.

"இந்தா தம்பி. தின்னுட்டு வந்துரு ராசா."

புதருக்குள் எலும்பு நொறுங்கியது. வீரசிங்கத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. செம்பட்டை முதுகொன்று வெள்ளைப் புகைக்குள் அசைந்து மேலே போயிற்று.

"அடேய், மேல இல்லடா, கீழ!"

கேட்டால்தானே? இன்னொரு துண்டு எறிந்தார். அதைத் தின்றுவிட்டு இன்னும் மேலே போனது. இப்படியே எறிந்து எறிந்து, கூடையில் தேங்காயும் கற்பூரமும்தான் மிஞ்சின.

"முனியப்பா, ஒம் பங்க நாய்க்குப் போட்ட பாவியாயிட்டேனே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு ஏறினார்.

உச்சியில் மூட்டம் சட்டென்று விலகியது.

வீரசிங்கம் வாயைப் பிளந்தார். எதிரே நமுனுகுல முகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து நின்றன. கீழே பதுளை டவுன் ஒரு பிடி அரிசியைச் சிந்தினாற்போல் கிடந்தது. கிழக்கே, கண்ணுக்கெட்டிய கடைசியில், மெல்லிய வெள்ளிக்கோடு. கடல்! வருசா வருசம் ஏறியும் மூட்டத்தைத் தவிர அவர் அங்கே எதையும் கண்டதில்லை. வேலை மறந்தது, துரைசாணி மறந்தது. காரணமே தெரியாமல் கண் கலங்கியது.

"அம்மாடியோவ்! இத்தனையையும் நீ ஒருத்தனாவா காவல் காக்குற?" என்று முனிக்கல்லைப் பார்த்துக் கேட்டார்.

பிறகுதான் சுயநினைவு வந்தது. தேங்காயை உடைத்து, கற்பூரம் ஏற்றி, "நாய மட்டும் குடுத்துரு சாமி" என்று விழுந்து கும்பிட்டுவிட்டு இறங்கினார். படையல் வைத்தவன் காடு தாண்டும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது. வழியனுப்ப முனியே பின்னால் வருவாராம்.

பத்தடி போயிருப்பார். பின்னால் சருகு மெல்ல நொறுங்கியது.

"வந்துட்டியா? வா. திரும்ப மாட்டேன்னு தெரிஞ்சு வெளையாட்டுக் காட்டுறியா? துரைசாணி ஒனக்குப் போடுற எறைச்சியில பாதிய எனக்குப் போட்டா நான் நன்றியா இருந்திருப்பேன்டா."

பதிலுக்கு ஒரு குரைப்புக்கூட இல்லை. அந்த அடக்கம் வீரசிங்கத்துக்குப் பிடித்திருந்தது. கறி வாடை போகாத கையைப் பின்னால் நீட்டினார். நாக்கொன்று நக்கியது, உப்புத்தாள் தேய்த்தாற்போல.

"பங்களாப் பால் குடிச்சும் நாக்கு இப்புடியா இருக்கும்?" என்று சொல்லிக்கொண்டே, சங்கிலியை மாட்டக் கழுத்தைத் துழாவினார். அடிவயிற்றிலிருந்து ஓர் உறுமல் கிளம்பியது.

"சரி சரி, வேணாம். கோவப்படாத. நீயாவே வா."

காட்டு வாசலில் அந்த நாக்கு இன்னொரு முறை கையை நக்கியது. வீரசிங்கம் தேயிலைக்குள் கால் வைத்தார். பறித்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் கை ஓய்ந்து, அவர் பக்கமே பார்த்து நின்றார்கள். நேரம் கழித்து வந்ததற்கா இந்தப் பார்வை?

காடு தாண்டியாயிற்று. இனிப் பயமில்லை என்று திரும்பினார். பின்னால் வெறும் மூட்டம்.

"போச்சு! என் வேலையே போச்சு!" தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "இம்புட்டுத் தூரம் பின்னாலயே வந்துச்சே! ஜீவராணி, நாயி எந்தப் பக்கம் போச்சு? பாத்தியா?"

ஜீவராணி தலைக்கு மேல் கூப்பியிருந்த கைகளை மெதுவாக இறக்கி, காலடியில் கிடந்த கொழுந்துச் சாக்கைத் திறந்தாள். உள்ளே பிரின்ஸ் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

"நாயி, நீங்க காட்டுக்குள்ள போன ஒடனேயே ஓடியாந்து இதுக்குள்ள பூந்துக்கிச்சுண்ணே. காட்டு வாசல்ல நின்னு ஒங்களப் பேரச் சொல்லிக் கூப்புடவா முடியும்?" என்றாள். "இப்ப ஒங்க கைய நக்கிட்டுப் போச்சே ஒரு சிறுத்த, அது எந்தப் பங்களாவுதுண்ணே?"