புள்ளி வைத்த பொருளடக்கம்

குடிநீர் அலுவலகத்தின் ஆண்டறிக்கையை மேலிடக் குழுவில் யாரும் உள்ளே புரட்டிப் பார்ப்பதில்லை. இது எல்லோருக்கும் தெரிந்த, யாரும் வாய்விட்டுச் சொல்லாத நடைமுறை. குழு பொருளடக்கத்தை மட்டும் படிக்கும். அதில் இருக்கும் பணிகள் ‘ஒருமனதாக அனுமதிக்கப்பட்டன.’ அதில் இல்லாத பணி இந்த உலகத்திலேயே இல்லை. பெரிய மனிதர்கள், ஆயிரம் வேலை இருக்கும், அவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

அறிக்கைக்குப் பக்கம் கட்டுகிறவள் பதினோரு வருஷமாக மூலை அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அலுவலகத்தில் அவளுக்குப் பேர் பக்கத்தம்மா. இந்த வருஷம் அறிக்கையில் அவளுக்குச் சொந்தக் காரியம் ஒன்று இருந்தது. அவள் குடியிருக்கும் கடைசித் தெருவுக்குக் குழாய் போடும் பணி, தலைமைப் பொறியாளரின் அத்தியாயத்தில், ஒரு பிரிவுக்குள், ஒரு உட்பிரிவாகத் தலைகாட்டியிருந்தது. ஆறு வருஷமாக லாரித் தண்ணீர். குடம் தூக்கித் தூக்கி அவள் புருஷனுக்கு ஒரு தோள் இறங்கிப்போய், தையல்காரர் இரண்டு தரம் அளவெடுத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

பொருளடக்கம் எத்தனை படி இறங்கிக் காட்டவேண்டும் என்று மென்பொருளுக்கு ஒரு எண் கொடுக்கவேண்டும். ஒன்று என்றால் அத்தியாயம் மட்டும். இரண்டு என்றால் பிரிவுகளும் வரும். மூன்று என்றால் தெருக்கள் வரைக்கும் வரும். அவள் மூன்று என்று தட்டினாள். கடைசித் தெரு பொருளடக்கத்தில் ஏறி உட்கார்ந்தது. அவளுக்கு அப்போதே குழாயில் தண்ணீர் கொட்டுகிற மாதிரி இருந்தது. மாதிரிப் பக்கத்தை அதிகாரிகளின் பார்வைக்கு எடுத்துப்போனாள்.

பம்பு அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

“ஏம்மா, என்னை எதுக்கு உள்ள தள்ளி வெச்சிருக்கீங்க?”

“உங்களை இல்ல சார், உங்க பிரிவை. அத்தியாயத்துக்குக் கீழ வர்றது அரை அங்குலம் தள்ளித்தான் நிக்கும்.”

“நானும் தலைமைப் பொறியாளரும் ஒரே நாள்ல வேலைல சேர்ந்தவங்க. அவர் ஓரத்துல நிப்பாரு, நான் அரை அங்குலம் பின்னாடி நிக்கணுமா?”

மீட்டர் அதிகாரிக்கும் அதே சந்தேகம் வந்தது. மற்ற நாலு பிரிவு அதிகாரிகளுக்கும் வந்தது. நிர்வாக நலன் கருதி எல்லாப் பிரிவுகளும் அத்தியாயங்களாகப் பதவி உயர்வு பெற்றன. ஏழு பேரும் இடது ஓரத்தில் தோளோடு தோள் நின்றார்கள். அப்புறம்தான் தலைமைப் பொறியாளர் கீழே பார்த்தார்.

“நாங்க ஏழு பேரும் ஓரத்துல நிக்கறோம். அங்க ஏதோ ஒரு தெருவும் கூட நிக்குது?”

“கடைசித் தெரு சார். குழாய் இல்லாத தெரு.”

“தெரு தெருவுலதாம்மா இருக்கணும்.”

மூன்று என்ற எண் ஒன்றானது. கடைசித் தெரு மறைந்தது. பக்கத்தம்மாவுக்கு அழக்கூட நேரமில்லை, மீட்டர் அதிகாரி பென்சில் முனையால் எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்.

“தலைப்புக்கும் பக்க எண்ணுக்கும் நடுவுல எனக்குப் பதினேழு புள்ளி. பம்புக்கு நாப்பத்தொண்ணு. இது யாரு பார்த்த வேலை?”

“உங்க தலைப்பு நீளம் சார். ‘நீர் அளவுமானிகளின் பழுது, பராமரிப்பு மற்றும் மறுசீரமைப்பு’. மிச்ச இடத்துலதான் புள்ளி வரும்.”

“அப்ப தலைப்பை வெட்டுங்க. ‘மீட்டர்’ போதும்.”

புள்ளிகள் மளமளவென்று ஏறின. பம்பு அதிகாரி பதறிப்போய் ‘நீரேற்று நிலையங்கள்’ என்பதை ‘பம்பு’ ஆக்கினார், மத்தியானம் ‘ப’ ஆக்கினார். மூணு மணிக்குத் தலைமைப் பொறியாளரிடமிருந்து எழுத்துமூலமாகவே வந்துவிட்டது: ‘எனது அத்தியாயத்துக்குத் தலைப்பு ஏதும் அவசியமில்லை என இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது.’ நாலு மணிக்குள் ஒருத்தருக்கும் தலைப்பில்லை. பக்க எண்ணும் இரண்டு புள்ளி இடத்தை அடைக்கிறது என்று யாரோ கண்டுபிடிக்க, அதையும் துறந்தார்கள்.

ஏழு வரி. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் புள்ளி.

“இப்பத்தான் கண்ணுக்கு நிறைவா இருக்கு,” என்றார் தலைமைப் பொறியாளர்.

பக்கத்தம்மா பக்கத்தின் அடியில் விரலை வைத்தாள். “சார், அடியில அந்தத் தெருவை மட்டும் போட்டுக்கட்டுமா? புள்ளியே வேண்டாம்.”

“ஒரு புள்ளி கூடவா வேண்டாம்?”

“ஒண்ணு கூட வேண்டாம் சார்.”

ஏழு பேரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். “போட்டுக்கம்மா, பாவம்,” என்றார் பம்பு அதிகாரி.

குழு கூடியது. பொருளடக்கத்தைப் படித்தது. படிக்கும்படியாக அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. அந்த வருஷத்துக் குழாய் மொத்தமும் கடைசித் தெருவுக்கே ஒருமனதாக அனுமதிக்கப்பட்டது. இருபத்துமூணு வீடுள்ள தெருவில் ஆள் குனிந்து நடக்கிற அகலத்துக்குக் குழாய் வந்து இறங்கியது. மீதி ஊர் அதிகாரிகளைத் திட்டிக்கொண்டே குடத்தைத் தூக்கியது. குழாய் வந்துவிட்டபடியால் கடைசித் தெருவுக்கு லாரி நிறுத்தப்பட்டது.

தெருக்காரர்கள் பக்கத்தம்மாவைத் தலையில் தூக்கி வைத்து ஆடாத குறைதான். குழாய்த் திறப்புக்கு அழைப்பு அடிக்கவேண்டும், வீட்டுக்காரர்கள் பெயரெல்லாம் கதவு எண்ணோடு அதில் வரவேண்டும், அவளை விட்டால் யார் செய்வார்கள்? அவளும் பூரித்துப்போய் ஒப்புக்கொண்டாள். அழைப்பு முடிவாகும்வரை யாரும் திறக்கக்கூடாது என்று குழாயைக் கயிறு போட்டுக் கட்டினார்கள்.

அஞ்சாவது நாள் புருஷன் காலிக் குடத்தோடு அவள் பின்னால் வந்து நின்றான்.

“ஏதோ ஒரு வரிசையில போட்டுட்டுத் திறந்து விடச் சொல்லேன். குளிச்சு நாலு நாளாச்சு.”

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பென்சில் முனை ஒவ்வொன்றாக நகர்ந்துகொண்டிருந்தது.

“சும்மா இருங்க, எண்ணிக்கை தப்பிடும். எதிர்வீட்டுக்காரிக்கு முப்பத்தெட்டு புள்ளி. நமக்கு முப்பத்தாறுதான் வருது.”