சீனிக்கு ஸ்பானிஷில் என்ன?

பேராக் பழைய தோட்ட மேம்பாட்டுக் கழகம் உலகச் சுற்றுலா வரைபடத்தில் இடம்பிடித்தது ஒரு கழிப்பறையால்தான். கேமரன் மலைக்குப் போகவேண்டிய ஸ்பெயின் தேசத்துத் தம்பதியர் தாப்பாவில் திரும்ப மறந்து நேராக ஈப்போவுக்கு வந்துவிட்டார்கள். கழக அலுவலகத்தில் புகுந்து, வந்த அவசரத்தைக் கையால் காட்டி, காரியம் முடிந்ததும் சிரித்துவிட்டுப் போனார்கள்.

மறுநாளே அவசரக் கூட்டம் கூடியது. ஸ்பானியர் வருகை பூஜ்யத்திலிருந்து இரண்டாக உயர்ந்திருப்பது கூட்டத்தின் மேலான கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது. பூஜ்யத்துக்கு மேல் விழுக்காடு போட முடியாது என்று கணக்குப் பிரிவு கையை விரித்ததால், வளர்ச்சி ‘எல்லையற்றது’ என்று பதிவானது. ஆகவே சுங்கை சிப்புட் பக்கம் பாழாய்க் கிடக்கும் தோட்டத் தொழிலாளர் லயத்து வீடுகளைப் புதுப்பித்து ஸ்பானியர்களைத் தங்கவைப்பதென்றும், அதற்கு முன்னேற்பாடாக ஊழியர் அனைவரும் ஸ்பானிஷ் கற்பதென்றும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. வீடுகளைப் புதுப்பிக்கப் பணம் இல்லை. ஸ்பானிஷ் கற்க இருந்தது.

அதுவும் ஒரே ஒரு பாடத்துக்குத்தான் இருந்தது. டைரக்டர் அடைக்கப்பன் பாடநூலைப் புரட்டி, நான்காம் பாடத்தில் விரலை வைத்தார். உணவு விருப்பங்களும் உணவுக் கட்டுப்பாடுகளும்.

“வணக்கம் சொல்றது, பேரு கேக்குறது எல்லாம் சைகையில சமாளிச்சிக்கலாம். சாப்பாட்டு விஷயம் அப்படி இல்லலா,” என்றார். சபை கை தட்டியது.

டைரக்டரின் கார் ஓட்டுநர் பத்துமலைக்கு இந்தச் செய்தி இடி மாதிரி இறங்கியது. பல வருஷமாக அவர் ஒப்பந்த ஊழியர். நிரந்தரக் கடிதம் கையில் இருந்தால்தான் அரசாங்க வீட்டுத் திட்டத்தில் பெயர் சேரும். அந்தக் கடிதம் இப்போது ஸ்பானிஷ் தேர்வில் தேறினவர்களுக்கு மட்டுமே என்று நிர்வாக அதிகாரி மகேந்திரன் அறிவித்துவிட்டார்.

ஸ்பானிஷைக்கூட எப்படியாவது விழுங்கிவிடலாம். விழுங்க முடியாத வேறொன்று பத்துமலையின் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சீனி வியாதி. ஊழியர்களில் ஒருவருக்கும் சீனி இல்லை என்பதற்காகக் கழகம் ‘ஆரோக்கிய அலுவலகம்’ கேடயம் வாங்கியிருந்தது. கேடயம் வந்த கையோடு விதியும் வந்தது: சீனி உள்ளவருக்கு நிரந்தரப் பதவியும் கிடையாது, பதவி உயர்வும் கிடையாது. முன்பு கார் ஓட்டிய சதாசிவத்துக்குச் சீனியால் ஒரு கால்விரல் போனது. விரல் போன செய்தி தெரிந்ததும் வேலையும் போனது. அதனால் பத்துமலை மாத்திரையைக் காரின் டயர் கழற்றும் சாமான்களுக்கு நடுவே வைத்து, யாரும் பார்க்காதபோது விழுங்கி வந்தார். கண்டீனில் எல்லோருக்கும் முன்னால் இனிப்பான தே தாரிக் தேநீரை உறிஞ்சி, “ஆஹா” என்றும் சொல்லிவைப்பார்.

பாடம் நடத்தக் கோலாலம்பூரிலிருந்து புனிதா வந்தாள். ஸ்பானிஷைக் கைப்பேசியில் படித்துத் தேறியவள். எடுத்த எடுப்பில் பத்துமலையைத்தான் எழுப்பினாள்.

“அண்ணே, உங்களுக்கு என்ன சாப்பிட முடியாது?”

“எனக்கா? நான் எல்லாம் சாப்பிடுவேன்லா.”

“அப்படிச் சொன்னா மார்க்கு இல்ல. ஏதாவது ஒண்ணு ஒத்துக்கக் கூடாது.”

“வெள்ளிக்கிழம கறி சாப்பிட மாட்டேன்.”

“ஒரு நாளைக்கு மட்டும் சைவமா இருக்க புத்தகத்துல எடமில்ல, அண்ணே. இருந்தா ஏழு நாளும் இருக்கணும்.”

“மாட்டுக்கறி எப்பவுமே சாப்பிட மாட்டேன்.”

“அது சமயம். சமயம் ஒன்பதாம் பாடம். அதுக்கு பட்ஜெட் இல்லன்னு சொல்லிட்டாங்க.”

பத்துமலை தலையைச் சொறிந்தார். தோட்டத்தில் பிறந்து, உடும்பு முதல் மரவள்ளி வரை கிடைத்ததைத் தின்று வளர்ந்த உடம்பு அது. ஒத்துக்கொள்ளாததற்கு எங்கே போவது? சட்டென்று வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

“சீனிக்கு ஸ்பானிஷ்ல என்னம்மா?”

மகேந்திரன் பேனாவைக் கீழே போட்டார். டைரக்டர் கூரையைப் பார்த்தார். புனிதாவே பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“ஏன் கேக்குறீங்க?”

“சும்மாதான்.”

“சும்மா கேக்குற வார்த்தைக்கெல்லாம் இங்க நேரமில்ல,” என்று அவள் அவசரமாகப் பலகையை அழித்தாள். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

கடைசியில் பத்துமலை பாலைத் தேர்ந்தெடுத்தார். “ஸோய் அலேர்ஹிகோ ஆ லா லேச்சே.” பால் எனக்கு ஒத்துக்கொள்ளாது. முழு மதிப்பெண். அதோடு மற்றவர்களுக்கும் உற்சாகம் பிறந்தது. டைரக்டருக்குக் கோதுமை ஆகாமல் போனது. அவர் அந்தஸ்துக்கு அதுதான் பொருத்தம் என்று மகேந்திரன் சொன்னார். மகேந்திரன் கடலையைத் துறந்தார். புனிதாவும் முன்மாதிரியாக முட்டையை விட்டாள். பின்னால் வந்தவர்களுக்கு நல்ல நல்ல ஒவ்வாமையெல்லாம் தீர்ந்துபோனதால், மீன், தேங்காய், பழம், பருப்பு என்று கிடைத்ததைப் பிடித்துக்கொண்டார்கள். இளைஞன் ஒருவன் சோறே ஆகாது என்று சொல்லிப் பாராட்டுப் பெற்றான். காய்கறி பிடிக்காது என்று ஒருத்தி சொன்னாள். விருப்பமும் பாடத்தில் உண்டு என்பதால் அதுவும் ஏற்கப்பட்டது.

எல்லோரும் தேறினார்கள். ஸ்பானிய மொழியில் சொன்ன சொல்லுக்கு மதிப்பில்லை என்றாகிவிடக் கூடாதே! ஆகவே சான்றிதழ் விழா விருந்தில் ஒருவருக்கேனும் ஒவ்வாத பொருள் எதுவும் இடம்பெறலாகாது என்று கண்டீன் முத்தம்மாவுக்குக் கண்டிப்பான உத்தரவு போனது.

விழா நாள். வெள்ளைத் துணி விரித்த மேசைகள், தேசியக் கொடிகள் இரண்டு. சான்றிதழும் பத்துமலையின் நிரந்தரக் கடிதமும் டைரக்டர் முன்னால் தட்டில் இருந்தன. கடிதத்தைப் பார்த்ததும் பத்துமலைக்கு வீட்டு வாசலில் தன் பெயர்ப்பலகையே தெரிந்தது. மூடிய பாத்திரங்கள் வந்தன. திறந்தால், எல்லாவற்றிலும் சிவப்புச் சிராப் சர்பத். பெரிய பெரிய ஐஸ் கட்டி. பக்கத்தில் தட்டு நிறையக் கற்கண்டு.

“என்னக்கா இது?” என்றார் மகேந்திரன்.

“வேற என்னத்தப் போடுறது, தம்பி? அரிசி இல்ல, மாவு இல்ல, பாலு இல்ல, காய் இல்ல. ஒவ்வொண்ணா அடிச்சிக்கிட்டே வந்தேன். சீனியும் தண்ணியும்தான் மிஞ்சிச்சி. சீனி ஆகாதுன்னு ஒருத்தரும் சொல்லலியே!”

முத்தம்மா ஆளுக்கொரு நெட்டைக் கண்ணாடிக் குவளையை நிரப்பினாள்.

பத்துமலைக்கு இடது கால் கட்டைவிரல் புண் ஆறாமல் சாக்ஸுக்குள் ஈரமாக இருந்தது. குடிக்கவில்லையென்றால் ஏன் என்று கேட்பார்கள். கடிதமோ இன்னும் தட்டில்தான் இருக்கிறது. டைரக்டர் எழுந்து குவளையை உயர்த்தினார்.

“ஸலூத்!”

“ஆரோக்கியத்துக்குன்னு அர்த்தம்,” என்றாள் புனிதா, ஈனக் குரலில்.

ஆரோக்கியத்துக்காக எல்லோரும் ஒரே மடக்கில் குடித்தார்கள். ஒருவரையொருவர் பார்த்தபடி, ஒரு சொட்டு மீதமில்லாமல். ருசி பிரமாதம் என்று டைரக்டர் சொன்னதால் முத்தம்மா இரண்டாவது தடவையும் ஊற்றினாள். பத்துமலை நிரந்தரமானார்.

மறுநாள் காலை தலை சுற்றியது, நாக்கு வறண்டது. ஈப்போ கிளினிக்கில் தெரிந்த முகம் இருக்கும் என்று, பத்துமலை தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போனார். அங்கே பெரிய மனநல மருத்துவமனை இருப்பதால், யாராவது பார்த்தாலும் சொல்ல ஒரு காரணம் உண்டு. ஊரின் சின்னக் கிளினிக்கில் சீனி பார்க்கப் பதினான்காம் எண் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்குப் பின்னாலேயே தொப்பியும் முகக்கவசமுமாக வந்து எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தவர் தலையைத் தூக்கினார். டைரக்டர்.

“நீ எங்க இங்க?”

“தம்பி ஒருத்தன் பெரிய ஆஸ்பத்திரியில இருக்கான், போஸ். மண்ட கொஞ்சம் சரியில்ல. நீங்க?”

“எனக்கும் மாமா ஒருத்தர்.”

“ரொம்ப நாளாவா?”

“பரம்பரையா.”

அடுத்து வந்து தூணுக்குப் பின்னால் ஒதுங்கிய ஒருவர் இருமினார். மகேந்திரன். அவருக்கு மச்சினன் ஒருவன் அங்கே இருந்தானாம். கடைசியாகக் கறுப்புக் கண்ணாடியோடு வந்த புனிதாவுக்கு அண்ணி. கழகத்தாரின் குடும்பங்கள் அனைத்திலும் பைத்தியம் உண்டு என்பது சந்தேகத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது. விதிகளில் பைத்தியத்துக்குத் தடை ஏதும் இல்லை.

உள்ளேயிருந்து தாதி மிஸ்ஸி எட்டிப் பார்த்தாள்.

“சீனி பாக்குறது, நம்பர் பதினாலு!”

சட்டைப் பையில் சீட்டு கசங்கியது. கால் விண்விண் என்று தெறித்தது. எழுந்து போ, எழுந்து போ என்று பத்துமலையின் மனம் அடித்துக்கொண்டது. டைரக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். பத்துமலை சுவரில் இருந்த கொசு ஒழிப்புப் படத்தை உற்றுப் படித்தார்.

“பதினஞ்சு!” டைரக்டர் தொப்பியை இறக்கிக்கொண்டார். “பதினாறு!” மகேந்திரன் கைப்பேசியை எடுத்தார். “பதினேழு!” புனிதாவும் அசையவில்லை.

“நோயாளி யாரும் இல்ல போல,” என்று சொல்லிவிட்டு, மிஸ்ஸி கதவைச் சாத்திக்கொண்டு பசியாறப் போனாள்.