மிதிப்பவருக்குச் செய்தி இல்லை

மாலைச் செய்தி தொடங்கப் போகிறது, மிதிக்க ஆளில்லை.

ஜெபரட்ணம் சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி விறாந்தையில் நின்ற சைக்கிளையும் படலையையும் மாறி மாறிப் பார்த்தார். அது எங்கும் போகிற சைக்கிள் அல்ல. பின்சில்லு நிலத்தில் முட்டாதபடி மரக்குற்றியில் தூக்கி, அசையாமல் கயிற்றால் வரிந்து கட்டி வைத்தது. சில்லோடு உரசிச் சுழலும் டைனமோவிலிருந்து ஒரு வயர் சன்னல் வழியாக அறைக்குள் போய் ரேடியோவில் முடிந்தது. யுத்தத்தால் பருத்தித்துறையில் மின்சாரம் நின்று மூன்று வருடமாகிறது. பற்றரி, அரசாங்கம் தடைசெய்த சாமான்களில் ஒன்று. ஆகவே உலகத்தில் என்ன நடக்கிறது என்று அறிய விரும்புகிறவர், ஒரு ஆளைப் பிடித்து மிதிக்க வைக்க வேண்டியிருந்தது.

போன வருடத்திலிருந்து மிதித்தவர் அடுத்த வளவுச் சிமியோன். பேக்கரிக்காரர். மா வரத்து நின்று பாண் சுடுகிற போறணை ஆறிப்போனதில் அவருக்கும் பொழுது போகவேண்டியிருந்தது. நேற்றுத்தான், செய்தியின் நடுவில், முழங்கால் பிடித்துக்கொண்டதென்று இறங்கிவிட்டார். இறங்கின நேரம் மகா பிழையான நேரம். கம்பியே இல்லாமல், சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிகிற ரெலிபோனைப் பற்றி அப்போதுதான் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். 'இந்தத் தொலைபேசியானது' என்ற இடத்தில் சில்லு நின்றது.

வேறு யாருக்காவது என்றால் பரவாயில்லை. ஜெபரட்ணம் தந்தி தொலைபேசிப் பகுதியில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தொண்டைமானாறு, வல்வெட்டித்துறை எல்லாம் அவர் ரெலிபோன் மரம் நட்டுக் கம்பி இழுத்த ஊர்கள். கம்பியில்லாத ரெலிபோன் என்பது அவரைப் பற்றிப் பின்னால் கதைத்தது போல இருந்தது. இரவு முழுக்க நித்திரை இல்லை.

சிமியோன் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"அண்ணை, குறை நினையாதையுங்கோ. இந்த முழங்கால் இனி மிதிக்க உதவாது. இருந்து கேக்க மட்டும் ஏலும்."

ஜெபரட்ணத்தின் மனைவி பியாட்றிஸ் அரிக்கன் லாம்பின் கண்ணாடிச் சிமிலியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் தலை நிமிராமல் துடைத்தாள்.

ஜெபரட்ணத்தின் காலோ அதைவிட மோசம். மார்கழியில் பாரிசவாதம் இலேசாகத் தட்டிவிட்டுப் போனதில் இடக்கால் சொல்வழி கேளாமல் போயிருந்தது. தினமும் காலுக்கு வேலை கொடுக்காவிட்டால் அது கதிரைக்கே சொந்தமாகிவிடும் என்று ஆசுபத்திரி டொக்டர் சொல்லியிருந்தார். காலைத் தூக்கு, மடக்கு என்று பியாட்றிஸ் கெஞ்சிப் பார்த்தாள், கோபித்துப் பார்த்தாள், ஒருநாள் அழுதும் பார்த்தாள். முப்பது வருடம் மரம் மரமாய் ஏறின கால், மனிசரோடு சேர்ந்து அதுவும் பென்சனில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு அவள் காலைப் பற்றிக் கதைப்பதையே விட்டிருந்தாள்.

ஆனால் ரெலிபோன் விஷயம் பாதியில் நின்றதே. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஊன்றுகோலை எடுத்தார்.

"பிடியுங்கோ என்னை. நான் மிதிக்கிறன்."

இடக்கால் பெடலில் நிற்க மாட்டேன் என்று வழுக்கியது. பியாட்றிஸ் பழைய சீலைத் துண்டொன்றால் அதைப் பெடலோடு சேர்த்துக் கட்டிவிட்டாள். சிமியோனும் அவளும் அறைக்குள் போனார்கள். ஜெபரட்ணம் கண்ணை மூடிக்கொண்டு மிதித்தார்.

"வருது அண்ணை, வருது. விடாமல் மிதியுங்கோ," என்று சிமியோனின் குரல் உள்ளேயிருந்து வந்தது.

வந்தது சிமியோனுக்கு. ஜெபரட்ணத்துக்குக் கேட்டதெல்லாம் சங்கிலியின் கறகறப்பும் மட்காட்டின் கடகடப்பும் தன் மூச்சும்தான். என்ன சொல்கிறார்கள் என்று காது கொடுக்க மிதிப்பதை நிறுத்தினார். ரேடியோவும் நிற்கும்தானே. மிதித்தால் கேட்காது, கேட்க நின்றால் ரேடியோ ஓடாது. இப்படி ஒரு கண்ணி இருக்கிறதென்று, சிமியோன் மிதித்த காலத்தில் அவருக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

செய்தி முடிந்ததும் சிமியோன் வெளியே வந்து ஒப்புவித்தார். சவர்க்காரப் பெட்டி அளவுதானாம் அந்த ரெலிபோன். வீதியில் நடந்துகொண்டே கதைக்கலாமாம்.

"வீதியிலை தனிய நடந்துகொண்டு கதைக்கிறவனை இஞ்சை எல்லாரும் என்னெண்டு சொல்லுவினம்?" என்றார் ஜெபரட்ணம். "கம்பி தேவையில்லையெண்டால் நான் நட்ட மரமெல்லாம் காகம் இருக்கவோ நட்டனான்?"

அன்று கோபத்தில் வழக்கத்தைவிட ஒரு அகப்பை சோறு கூடச் சாப்பிட்டார்.

தொழில்நுட்பம் தெரிந்த மனிதர் அல்லவா, மறுநாளே திருத்தம் தொடங்கியது. சங்கிலிக்கு எண்ணெய் போட்டால் சத்தம் அடங்கும் என்றார். இருந்தது சமையலுக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதை ஊற்றினார்கள். கறகறப்பு அடங்கியது உண்மை. ஆனால் புழுதியெல்லாம் எண்ணெயில் ஒட்டி இரண்டு நாளில் சங்கிலி களிமண்ணாய் இறுகிவிட்டது. முந்தி ஒரு மடங்கு மிதித்த இடத்தில் இப்போது இரண்டு மடங்கு மிதிக்க வேண்டியதாயிற்று. அப்படியென்றால் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டு என்றார். சத்தத்தைக் கூட்டினால் கரண்ட் கூட இழுக்கும், இன்னும் வேகமாய் மிதிக்க வேண்டும் என்று சிமியோன் சொன்னார். அது சரியான நியாயம் என்று ஜெபரட்ணத்துக்கும் பட்டது. வேகமாய் மிதித்தார். மட்காட் இன்னும் கூடக் கத்தியது.

ஒருநாள் மனைவியை ஏற்றிவிட்டுத் தான் உள்ளே போய் ரேடியோவோடு காதை ஒட்டிக்கொண்டு இருந்தார். பியாட்றிஸ் தையல் மெசின் மிதிப்பதுபோல மெல்ல மெல்ல மிதித்தாள். ரேடியோவிலிருந்து ஒரு முனகல் கூட வரவில்லை. கொஞ்ச நேரத்தில் சீலைத் தலைப்பு சங்கிலிக்குள் போய்க் கிழிந்தது.

"எனக்கு உந்த மிதி வராதப்பா," என்று அவள் இறங்கிவிட்டாள்.

அதோடு மிதிப்பது அவர் வேலை, கேட்பது சிமியோன் வேலை என்று நிலைத்துப்போனது. யுத்தச் செய்தியை மட்டும் சிமியோன் சொல்வதில்லை. தலைக்கு மேலே ஹெலிகொப்டர் சுற்றுவதைப் பார்த்தாலே அது தெரியும், அதற்கு எதற்கு மிதிக்க வேண்டும் என்பார். உலகத்துப் புதினங்கள்தான் சொல்வார். போகும் வழியைத் தானே சொல்லுகிற கார் வரப்போகிறதாம்.

"எங்களுக்குக் காரும் இல்லை, போற வழியும் இல்லை. எங்களுக்கு என்னத்தைச் சொல்லுமாம்?" என்றார் ஜெபரட்ணம்.

கதைக்கிறவரின் முகம் தெரியும் ரெலிபோன் வரப்போகிறதாம். முகம் தெரிந்தால் எப்படிப் பொய் சொல்வது, ரெலிபோனின் பிரயோசனமே போச்சே என்று அவர் தலையில் கை வைத்தார். பேனையை மூடுவதற்குள் கடிதம் கடலைத் தாண்டிவிடுமாம். இங்கே கொழும்புக் கடிதமே கப்பலேறி வர மாதமாகிறது. ஒவ்வொரு புதினமும் அவருக்கு ஒரு புதுக் கோபம். கோபம் வந்தால் மறுநாள் மிதி வேகம். அதற்கு மறுமொழியாக உலகம் என்ன செய்கிறதென்று அறியாமல் அவரால் இருக்க முடியவில்லை.

பியாட்றிஸ் ஒவ்வொரு இரவும் சாப்பாட்டுக்கு முன்பு செபம் சொல்வாள். கிடைத்த மண்ணெண்ணெய்க்காக, வற்றாத கிணற்றுக்காக, ஷெல் விழாத பகலுக்காகத் தோத்திரம் சொல்வது அவள் வழக்கம். இப்போது கடைசியில் ஒன்று சேர்ந்துகொண்டது.

"இண்டைக்குக் கேட்ட செய்திக்காகவும் தோத்திரம் ஆண்டவரே."

"அதுக்குமோ?" என்று ஜெபரட்ணம் பகிடி பண்ணுவார். ஆனாலும் பசித்து உண்டு, விடிய விடியத் தூங்குகிற நாட்களாக இருந்தன அவை. அதனால் ஆமென் மட்டும் அவர் வாயிலிருந்தும் கொஞ்சம் பலமாகவே வந்தது.

அடுத்ததாக அவருக்கு வந்த யோசனை ஓடிப்போய்ப் பிடிப்பது. மிதிப்பதை விட்டாலும் சில்லு கொஞ்ச நேரம் சுற்றும்தானே, அது நிற்குமுன் ரேடியோவிடம் போய்விட்டால் ஒரு வசனமாவது சொந்தக் காதால் கேட்கலாம். அதற்குக் காலில் கட்டின துணி தடையாக இருந்தது. அவிழ்த்தெறிந்தார். முதல்நாள் கதவுநிலையைத் தாண்டுவதற்குள் சில்லு நின்றது. இன்னொருநாள் கட்டில் வரை போனார். பிறகொருநாள் ரேடியோவில் கையையே வைத்துவிட்டார்.

"இப்பதான் வணக்கம் சொல்லி முடிச்சவங்கள் அண்ணை," என்றார் சிமியோன். அவருக்கு வேர்த்திருந்தது.

இதற்கிடையில் செய்திகளில் ஒரு விசித்திரம் புகுந்தது. தானே மாவைக் குழைத்துத் தானே பாண் சுடுகிற பெட்டி என்று ஒருநாள். ஒரு மாதம் பூஞ்சணம் பிடிக்காத பாண் என்று இன்னொருநாள். விண்வெளிக்குப் போனவர்களே அங்கே பாணுக்குத்தான் ஏங்குகிறார்களாம். கேட்கிறவனுடைய பசி செய்திக்குள் விழுகிறதோ என்று ஜெபரட்ணத்துக்குச் சந்தேகம் வந்தது. போதாததற்குச் சிமியோனின் நோவு சிலநாள் வலது முழங்காலிலும் சிலநாள் இடது முழங்காலிலும் இருந்தது.

சந்தேகம் ஒரு பக்கம் இருந்தாலும் அந்த மனிசனில் அவருக்குக் கோபம் வரவில்லை. நன்றி சொல்லிப் பழக்கமில்லாதவர் ஜெபரட்ணம். ஆனால் நன்றி இருந்தது. மிதித்துக்கொண்டு கேட்க முடியாத தனக்காக, நோகிற காலோடு மழையோ ஹெலிச் சத்தமோ பாராமல் ஒரு ஆள் ஒவ்வொரு மாலையும் வந்து குந்தியிருக்கிறான். சொந்தத் தம்பி செய்வானா? சிமியோனுக்கும் வயதாகிறது, காது மந்தமாகிறது போலும். ரேடியோவிலிருந்து ஒரு வயர் இழுத்து, சைக்கிள் ஹாண்டிலில் சின்ன ஸ்பீக்கர் ஒன்று பூட்டிவிட்டால் தானே கேட்கலாம், சிமியோனையும் நிம்மதியாய் இருக்க விடலாம். அதோடு, சட்டைப்பை ரெலிபோன் உண்மையா பொய்யா என்பதும் தெரிந்துவிடும்.

பியாட்றிஸ் மண்ணெண்ணெய் வரிசையில் நிற்கச் சங்கக் கடைக்குப் போயிருந்த ஒரு காலைநேரம். சொன்னால் வீண் செலவென்பாள் என்று, அவள் திரும்புமுன் வந்துவிட நினைத்து அவர் படலையைத் திறந்தார். சைக்கிளைக் கயிறவிழ்த்து எடுப்பது ஒருநாள் வேலை. பஸ் வரும் என்று நம்ப முடியாது. ஒழுங்கை, கடற்கரை வீதி, மீன் சந்தை எல்லாம் கடந்து நடந்தார். நடக்கும்போது ரேடியோ திருத்துகிற பரமலிங்கத்திடம் கேட்கவேண்டிய கேள்விகளை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனார். வழியில் நின்ற ஒரு ரெலிபோன் மரத்தைக் கண்டு, அது சாய்ந்திருக்கிற கோணம் பிழை என்று நின்று பார்த்து முணுமுணுத்துவிட்டுத் தொடர்ந்தார்.

பரமலிங்கத்தின் கடை பஸ் நிலையத்தடியில் இருந்தது. ஜெபரட்ணம் கடைப் படியேறி, மூச்சு வாங்காமல் விஷயத்தைச் சொன்னார். இன்ன ரேடியோ, ஸ்பீக்கருக்கு இன்னொரு வயர் எடுக்க வேண்டும், அதற்குள்ளே இடம் இருக்குமா என்று கேட்டார்.

பரமலிங்கம் கையிலிருந்த ஈயப்பற்றுக் கோலைக் கீழே வைத்தார். பிறகு மேல்தட்டிலிருந்து பழைய பேப்பரில் சுற்றிய ஒன்றை இறக்கி அவிழ்த்தார். உள்ளே ஒரு ரேடியோவின் உள்ளுடம்பு முழுவதும் இருந்தது. டைனமோ வயருக்காக ஜெபரட்ணம் தன் கையாலேயே போட்ட ஈயப்பற்று அதன் முதுகில் மினுங்கியது.

"உது என்ரையெல்லோ?"

"ஓம் ஐயா. மாசியிலை பியாட்றிஸ் அக்கா கொண்டந்து கழட்டுவிச்சவ. வெறும் பெட்டியைத்தான் திருப்பிக் கொண்டுபோனவ."

மாசியிலேயா? அவர் மிதிக்கத் தொடங்கியதே மாசியில். அப்படியென்றால் வழி சொல்லும் கார்? முகம் தெரியும் ரெலிபோன்? கடலைத் தாண்டும் கடிதம்? இவ்வளவு காலமும் அவர் சண்டை பிடித்தது உலகத்தோடு அல்ல, சிமியோனின் மண்டையோடு. வெறும் மரப்பெட்டிக்கு மின்சாரம் கொடுக்க ஒரு மனிசன் நாக்குத் தள்ள மிதித்திருக்கிறான், அதற்கு அவன் பெண்சாதி இரவிரவாய்த் தோத்திரம் சொல்லியிருக்கிறாள்.

"என்ன பழுது இதுக்கு? ஏன் இவ்வளவு நாளும் பூட்டித் தரேல்லை?" குரல் உயர்ந்தது.

"பழுது ஒண்டுமில்லை ஐயா," என்றார் பரமலிங்கம். அவர் பார்வை ஜெபரட்ணத்தின் கைகளுக்குப் போய், அங்கே ஊன்றுகோல் இல்லாததைக் கண்டு, மெல்ல இடக்காலில் இறங்கி நின்றது. "ஐயா ஒருத்தற்றை துணையுமில்லாமல் தன்ரை காலாலை நடந்து வந்து கேக்கிற அண்டைக்குத்தான் இதைக் குடுக்கவேணுமெண்டு அக்கா சொல்லிப்போட்டுப் போனவ."